வடிவுக்கு ஒரு கடைசிப் பக்கம்

ரெஜினா டீச்சரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவருக்கு டீச்சரைப் போல இரண்டு மடங்கு வயது. பெயர் மாசிலாமணி. கும்பகோணத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் வகுப்பு. மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களை ஒட்ட ஸ்க்ராப்புக் செய்ய வந்த அம்மாக்கள். நடுவில் இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஆல்பம் யாருக்குங்க ஐயா?" என்று டீச்சர் முதல் நாளே கேட்டார்.

"என் தங்கச்சி வடிவுக்கு. அவ குடுத்த கிட்னியிலதான் என் வண்டி ஓடுது."

ஆசையெல்லாம் சரிதான். ஆனால் கை இருக்கிறதே, அது சொன்ன பேச்சு கேட்காது. வாழ்நாள் முழுக்க அரிசி ஆலையில் மூட்டைக்கு மார்க் போட்ட கை. எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின் மேல் வைத்து, மையில் முக்கிய பிரஷ்ஷால் நாலு குத்து குத்தினால் ஆலையின் பெயர் விழுந்துவிடும். இங்கே பூ வடிவம் வெட்டிய ஸ்டென்சில் அட்டையைப் பார்த்ததும் மனிதர் அதையேதான் செய்தார். வாட்டர் கலர் சும்மா இருக்குமா? ஸ்டென்சிலுக்கு அடியில் புகுந்து, பூவும் இலையும் ஒரே கூழாகிப் போனது.

"ஐயா, இது சாக்கு இல்ல."

"எனக்குத் தெரியுது டீச்சர். கைக்குத்தான் தெரியல."

தாள் தாளாகக் கெடுத்த பிறகு ஒருவழியாகக் கை அடங்கியது. பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி, ஈரத்தைக் குறைத்து, ஸ்டென்சிலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகத் தட்டக் கற்றுக்கொண்டார். பின்னணி விழுந்த பக்கங்களில் படங்களையும் ஒட்டினார். தங்கை பாவாடை சட்டையில் நிற்கிற படம், அவள் கல்யாணப் படம், எல்லாம் ஏறிவிட்டன.

மிச்சம் கடைசிப் பக்கம். ஆஸ்பத்திரியில் அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் படத்துக்காக வைத்திருந்தது. மறுநாள் வடிவு மகனோடு இருக்கப் பூனாவுக்குக் கிளம்புகிறாள். அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

அந்தப் பக்கத்தில்தான் மாசிலாமணி மறுபடி தடுமாறினார். நீலம் பூசினார். போதாதென்று தோன்றியது. காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, அதற்கும் மேலே இன்னொன்று. கடைசியில் பக்கம் முழுக்கக் கருநீலம். இனி எந்தக் கலரில் பூ போட்டாலும் அதன் மேல் எடுக்காது. வேறு தாளில் புதிதாகப் போடலாமென்றால், ஆல்பத்துக்கான கெட்டித் தாள் கீழே கடையிலும் தீர்ந்துவிட்டிருந்தது.

"ஏன் ஐயா இவ்வளவு பூசினீங்க?"

"எவ்வளவு போட்டாலும் பத்தல டீச்சர்." அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "முன்னெல்லாம் நான் தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கணும். இப்ப சொம்போட குடிக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் அவ முகம்தான் முன்னால வருது. ஆனா ஒரு நன்றி சொல்ல விடமாட்டேங்குறா. வாயத் தொறந்தா, 'சும்மா இருண்ணே, எனக்கு என்ன குறைஞ்சு போச்சு'ன்னு எந்திரிச்சுப் போயிடுறா. இந்தப் பக்கத்துலயாவது சொல்லிடலாம்னு பார்த்தேன். நான் என்னத்தப் போட்டா டீச்சர் அதுக்கு ஈடாகும்?"

டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்து, பூ ஸ்டென்சிலை நடுவில் வைத்தார். ஸ்பாஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்தார். ஸ்டென்சிலின் துளைகளில் மெல்லத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றினார். டிஷ்யூவில் நீலம் ஏறியது. மறுபடி தேய்த்தார், மறுபடி ஒற்றினார். அவசரமே காட்டவில்லை.

ஸ்டென்சிலைத் தூக்கியபோது கருநீலத்துக்கு நடுவே ஒரு கொத்துப் பூ வெளிச்சமாக நின்றது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "என்ன கலர் டீச்சர் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. இருந்ததுல கொஞ்சம் எடுத்தேன்."

அவர் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்து, எல்லாப் பக்கத்திலும் செய்தது போல நடுவில் வைத்தார். பூ மறைந்தது.

டீச்சர் படத்தை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"வேணாம் டீச்சர், நடுவுலயே இருக்கட்டும். அவகிட்டருந்து எடுத்த மாதிரியே, எடுத்த இடம் பளிச்சுன்னு தெரியுது. அவ பார்த்தா கூச்சப்படுவா."

"இந்தப் பக்கத்துல பூத்திருக்கறதே அந்த இடம்தான் ஐயா. அதையும் மூடிட்டு, நாளைக்கு அவங்ககிட்ட எதைக் காட்டி நன்றி சொல்லுவீங்க?"