ஜெயசீலியின் கப்

மூணு கப் மைதா. சாவதற்கு முன் ஜெயசீலி சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான். அது எத்தனை கிராம் என்று வேதமுத்து கேட்டுவைக்கவில்லை. பெண்டாட்டி உயிரோடிருக்கும்போது எந்தப் புருஷன் அடுப்படிச் சங்கதியைக் கேட்டிருக்கிறான்?

அவள் போனதிலிருந்து மகள் பியூலா சோற்றைத் தொடுவதில்லை. "அம்மா சுடுற கேக்குன்னா சாப்பிடுறேன்" என்றாள் ஒருநாள். அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சுட்டுப் பார்த்தார். ஒன்று செங்கல்லாக வந்தது, இன்னொன்று புட்டாக உதிர்ந்தது. பிள்ளை ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அவள் கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே போனது.

அதனால்தான் ரூபி டீச்சரின் கேக் வகுப்பில் சேர்ந்தார். பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதை முதல் நாளே டீச்சரிடம் சொல்லியிருந்தார். டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. அதிகம் பேசவும் மாட்டாள்.

"ஒரு கப் மைதா எத்தனை கிராம், டீச்சர்?"

"அள்ளுங்க, அண்ணாச்சி."

ஜெயசீலியின் கப்பைத்தான் கொண்டுவந்திருந்தார். அரிசி மண்டியில் படி அளந்த கை சும்மா இருக்குமா? குலுக்கி, தலைதட்டி வைத்தார். தராசு முள் நூற்று ஐம்பதைத் தாண்டியது. மறுபடி அள்ளச் சொன்னாள். இந்த முறை நூற்று முப்பதுதான்.

"தராசு கோளாறா?"

"தராசு சரிதான். உங்க கை ஒருக்கா அமுக்குது, ஒருக்கா விடுது."

"அப்ப எதைக் கணக்குல எடுக்க?"

"வீட்டுல அள்ளினது யாரு?"

"ஜெயசீலி."

"அப்ப அவங்க அள்ளட்டும். செவரைப் பாத்து நில்லுங்க."

வேடிக்கை பேசுகிறாளோ என்று நினைத்தார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பக்கத்தில் அடுப்பு கனன்றது. ஆனாலும் பிடரியில் ஈரத்துணி போட்டதுபோல் குளிர்ந்தது. மாவு டின்னுக்குள் கரண்டி உரசியது. மாவு கொஞ்சம் கொஞ்சமாக விழும் ஓசை. பிறகு கப்பின் விளிம்பில் மெல்ல இரண்டு தட்டு, சற்று விட்டு இன்னொன்று. கிறிஸ்துமஸ்தோறும் அடுப்படியிலிருந்து கேட்ட தட்டு அது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகையும் வந்தது.

திரும்பினார். தராசின்மேல் கப் நிரம்பியிருந்தது. டீச்சர் எட்ட வாசலில் கைகட்டி நின்றாள். அவள் கையில் பொட்டு மாவில்லை. முள் இருந்த இடத்தை ஒரு துணி மூடியிருந்தது.

"பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பாருங்க. கிராம் தெரிஞ்சுட்டா கேக்கு இனிமே தப்பாது."

துணியில் கை வைத்தார்.

"ஆனா அண்ணாச்சி, அதுக்கப்புறம் அவங்க வந்து அள்ள வேண்டியதில்ல."

கை அப்படியே நின்றது. அடுப்பைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். துணியை விட்டுவிட்டு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கப் இருக்கே, டீச்சர்."

கரண்டி மறுபடி டின்னுக்குள் உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் வாசலிலிருந்தே சொன்னாள்:

"பிள்ளைக்குப் பசிக்குது, அண்ணாச்சி."