முதலில் வந்த பதில்

தென்காசியில் சலோமி நடத்திய நெட்வொர்க் வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர் குற்றாலலிங்கம். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அந்த மகள் பூரணி, மஞ்சள்காமாலையில் இறந்துபோயிருந்தாள். வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவள். எதிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. பரண்மேல் ஒரு சர்வர். அதிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கோப்பை எடுத்துத்தான் அத்தனையும் எழுந்து இயங்கும். அவள் போன சில வாரங்களில் எல்லாம் நின்றுவிட்டன. பிள்ளைகள் வருவதும் நின்றது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் குற்றாலலிங்கம் கேட்டார்.

“டீச்சர், சர்வர் செத்துப்போச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

“என்ன செய்யுது?”

“கறுப்புத் திரையில கொஞ்ச நேரம் தேடுது. அப்புறம் நின்னுருது. பூரணியோட அம்மா தினமும் காலையில ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கா. பிறகு அணைச்சிட்டுப் போயிருதா. யார்கிட்டயும் பேசமாட்டேங்கா.”

சலோமி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு அவருடன் கிளம்பினார்.

முன்னறைக் கதவோரம் பூரணியின் அம்மா சிவகாமி நின்றிருந்தார். “வாங்க” என்றுகூடச் சொல்லவில்லை.

சலோமி குற்றாலலிங்கத்தை ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்தார்.

“போடுங்க அண்ணாச்சி. என்ன வருதுன்னு வாசிங்க.”

“மெஷினுக்கு நெட்வொர்க் முகவரி கிடைச்சிருக்கு. எந்தக் கோப்பை எடுத்து எழுந்திருக்கணும்ங்கிற தகவல்தான் வரல.”

“முகவரி கிடைச்சிருக்குன்னா யாரோ கொடுத்திருக்காங்க. யாரு?”

அவர் எண்களை உற்றுப் பார்த்தார்.

“சர்வர் இல்ல. ரவுட்டர், இந்த இன்டர்நெட் பெட்டி.”

“இது எப்ப வந்துச்சு?”

“இன்டர்நெட் லைன் பூரணி பேர்ல இருந்துச்சு. என் பேருக்கு மாத்தும்போது கம்பெனிக்காரங்க பழைய பெட்டியைக் கழட்டிட்டு இதை வச்சிட்டுப் போனாங்க.”

நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகள் தெரியும்படி சலோமி தன் லேப்டாப்பை இணைத்து, மெஷினை மறுபடியும் போடச் சொன்னார். மெஷின் முகவரி கேட்டது. ரவுட்டர் உடனே பதில் சொன்னது. சற்றுப் பிந்தி இன்னொரு பதில் வந்தது. பரண்மேல் இருந்த சர்வரின் பதில். அதில் கோப்பின் பெயர் இருந்தது.

குற்றாலலிங்கம் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்போ இத்தனை நாளும்...”

“சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. மெஷின் முதல்ல வந்ததை எடுத்துக்கிட்டுது.”

ரவுட்டர் முகவரி கொடுப்பதைக் குற்றாலலிங்கமே நிறுத்தினார். முதல் தடவை கடவுச்சொல் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். பிறகு மெஷினைப் போட்டார். எழுத்துகள் மளமளவென்று ஓடின. திரை வெளுத்தது. நடுவில் ஒரு வரி.

‘வந்துட்டியா? உக்காரு. நான் பூரணி அக்கா.’

சிவகாமி உள்ளே வந்தார். முந்தானையால் திரையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

“பேசுதாளா?” என்று சலோமியிடம் கேட்டார்.

குற்றாலலிங்கம் சலோமியின் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது அவருக்கு.

“இல்லம்மா. முன்னால எழுதி வச்சதைக் காட்டுது. புதுசா எதுவும் சொல்லாது.”

சிவகாமி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். மகளின் உடலை எடுத்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. யாரும் அவரைத் தேற்றவில்லை. சலோமியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அழுகை அடங்க வெகுநேரமானது. வழியனுப்ப வாசலுக்கு வந்த குற்றாலலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், அந்த வரியை எடுத்திரவா? இல்ல, இருக்கட்டுமா?”

சலோமி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“புதுசா ஒரு பிள்ளை வந்து அதை வாசிக்கும். ‘அக்கா எங்க?’ன்னு கேட்கும். பதில் சொல்ல வீட்டுல ஆள் இருந்தா, இருக்கட்டும் அண்ணாச்சி.”

குற்றாலலிங்கம் வாசலில் நின்றபடியே உள்ளே இருந்த சிவகாமியைத் திரும்பிப் பார்த்தார்.