விட்டுப்போன கை

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ராஜா பேச வேண்டியதை மந்திரி பேசிவிட்டால் கோபிக்காதீர்கள். நிஜத்திலும் அப்படித்தானே நடக்கிறது.

கோளரி மன்னனின் அரண்மனைப் பாடசாலையில் ஒரு தேர்க் குழு இருந்தது. பாடம் முடிந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் பட்டறையில் கூடுவார்கள். குதிரை இல்லாமல், பாய் கட்டிக் காற்றில் ஓடும் தேர் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மன்னனுக்கும் அது பிடித்துப்போயிற்று.

“பௌர்ணமியன்று தேர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன்!” என்றான். மன்னர்கள் உற்சாகப்படுத்துவது அப்படித்தான்.

பௌர்ணமிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. மந்திரி அளவுடையாருக்கு உடனே பிள்ளைகளின் படிப்பின் மேல் அக்கறை பொங்கிவிட்டது. பட்டறை இருக்கும் இடத்தில் தன் பல்லக்கை நிறுத்தலாம் என்று அவருக்கு ஒரு யோசனை உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவரே சொன்னார்.

“அரசே, பாடம் கெடக்கூடாது. தேர் வேலைக்குத் தினம் இரண்டு நாழிகை போதும்.”

அதாவது, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மன்னன் தலையாட்டினான். மந்திரி எதிலும் சிக்கனம், எழுத்தில்கூட. ‘தேர் வேலை தினம் இரண்டு நாழி மட்டும். அளப்பவர் மந்திரி’ என்று ஓலையில் எழுதி, முத்திரை வாங்கி, பட்டறைக் கதவில் தொங்கவிட்டார்.

அன்று முதல் மந்திரி தினமும் வருவார். பெயர் கூப்பிடுவார். நேரத்தின் அருமையைப் பற்றி ஒரு நாழிகைக்கு மேல் பேசுவார். பிள்ளைகள் உளியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டியதும், “நாழியாச்சு, நாழியாச்சு! எல்லாரும் கிளம்புங்கள்!” என்பார்.

ஐந்து நாளில் ஒரே ஒரு சக்கரம்தான் ஆயிற்று. குழுத் தலைவி அஞ்சுகம், மன்னனுக்கு யோசனை சொல்லும் விடங்கனிடம் ஓடினாள்.

“அண்ணா, ஒற்றைச் சக்கரத்தில் தேர் ஓடுமா?”

“சூரியனுக்கு ஓடும். உனக்கு ஓடாது. அந்த ஓலையைக் காட்டு.”

படித்தான். சிரித்தான்.

மறுநாள் மந்திரி வந்தபோது அவருக்கு ஒரு மணை போட்டிருந்தது. எதிரே இரண்டு நாழி. அரிசி அளப்பார்களே, அந்த நாழி. பக்கத்தில் ஒரு மூட்டை எள்.

“என்னப்பா இது?”

“அளப்பவர் நீங்கள்தானே ஐயா?” என்றான் அங்கே காத்திருந்த விடங்கன். “ஓர் ஆணி அடித்தால் ஓர் எள் போடுங்கள். இரண்டு நாழியும் நிறைந்த கணமே வேலையை நிறுத்திவிடுகிறோம்.”

“நான் சொன்னது நேரத்தை!”

“எழுதியது நாழி. முத்திரை அரசருடையது. முத்திரையை மீறலாம் என்கிறீர்களா?”

மீறவில்லை. பொழுது சாயும் வரை எள் போட்டார். நாழியின் அடிகூட மறையவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சபையில் நின்றார்.

“அரசே! நாழி என்றால் நாழிகை. அவசரத்தில் ‘கை’ விட்டுப்போயிற்று. அதை வைத்து இவன் என்னை எள் பொறுக்க விட்டுவிட்டான்!”

மன்னன் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கை இல்லைதான். என்ன விடங்கா, சேர்த்துவிடலாமா?”

“தாராளமாக, அரசே. இரண்டு நாழிக்கு இரண்டு கை. விட்டவரே கொடுக்கட்டும். பட்டறையில் இழைப்புளி தள்ள ஆளில்லை.”

மன்னன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது.

“மந்திரியாரே, பௌர்ணமி வரை பிள்ளைகளுக்குக் கை கொடுங்கள்!”

அதன்பின் இரண்டு நாழிகையே தாராளமாக இருந்தது. மந்திரி வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்ததால் உபதேசத்துக்கு வழியில்லை. பௌர்ணமியன்று தேர் ஓடியது. விடங்கனுக்கு முத்துமாலை. பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை.

இதைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டால் என் மகள் கதி என்ன ஆவது? எதற்கு வம்பு! மந்திரிக்கு முதலில் வைத்திருந்த முறுக்கு மீசையை எடுத்துவிட்டேன்.