வரலாமா என்று கேட்டு வந்த விருந்தாளிகள்

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் மடையர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய் என்று காட்டத்தான் நானும் பாடுபடுகிறேன். நான் பாடுபடப் பட, பேச்சு வலுத்துக்கொண்டே போகிறது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று “வரலாமா?” என்று கேட்டவரை நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. கேட்காமல் நுழைகிறவன் திருடன். கேட்டு நுழைகிறவன் விருந்தாளி. ஊருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு இதுதான்.

எங்கள் கபடிக் குழுவின் சடையாண்டிக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணைப் பெற்ற அழகுமலை பக்கத்து ஊர்க்காரர், கபடிப் பைத்தியம். “மாட்டுப்பொங்கல் போட்டியில மாப்பிள்ளை எறங்கட்டும், வந்து பாக்குறேன். எறங்கலைன்னா வேற எடம் பாத்துக்கிருவேன்” என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் பெயர் பதிவு இணையத்தில் மட்டும்தானாம். எங்களுக்குத் தெரிந்த அன்றே சாயங்காலத்தோடு கடைசி. சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவன் என்பதால் ஊர் மன்றத்துக் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார்த்தினார்கள். பரீட்சையில் நான் தேறவில்லை என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் போனவன் போனவன்தானே.

பிரவுசரைத் திறந்ததும் ஒரு பெட்டி முளைத்தது. ‘தொப்பைத் தோழன்’ என்று ஒரு ஆட்-ஆன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சரக்கு. “நீங்கள் திறக்கும் பக்கங்களை எல்லாம் நான் படிக்கலாமா? மாற்றலாமா?” என்று கேட்டது.

குழு கூடி யோசித்தது.

“படிக்கணும்னு ஆசைப்படுறான். படிக்கிற பயலைத் தடுக்கலாமா?” என்றான் ஒச்சு.

“மாத்துறேன்னும் சொல்றானே?” என்று சடையாண்டி பயந்தான்.

“நம்ம ஆளு டைப் அடிச்சா தப்பு வரும்ல. மாத்தட்டும்” என்றார் கேப்டன் மொக்கையன், என்னைப் பார்த்தபடி.

“திருடனா இருந்தாண்ணே?”

“திருடன் கேட்டுட்டாடா வருவான்?”

‘சரி’யை அமுக்கினேன். உள்ளே போனவன் தன் சொந்தபந்தங்களை வரிசையாகக் கூட்டி வந்தான். ராசிபலன் ஒன்று, தள்ளுபடி ஒன்று, மழை வருமா என்று சொல்ல ஒன்று. ஒவ்வொன்றும் மரியாதையாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ சொன்னேன். திரையில் பதிவுப் படிவம் தெரிய விரற்கடை இடம்தான் மிச்சம் இருந்தது.

படிவம் பாஸ்வேர்டு கேட்டதும், செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். “பாஸ்வேர்டு அடிக்கிறப்ப ஒருத்தனும் பாக்கக் கூடாது” என்றான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். “நீயும் ஒருத்தன்தானே” என்று மொக்கையன் என் கண்ணையும் துண்டால் கட்டினார். எந்தக் கட்டையைத் தட்டினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எப்படியோ பதிவு முடிந்தது. ஊரே கைதட்டியது.

மறுநாள் காலையில் அழகுமலை சடையாண்டியைப் போனில் பிடித்துக் கத்தினார். சடையாண்டியின் மெசேஜ் பெட்டி அதே பிரவுசரில் திறந்து கிடந்திருக்கிறது. அவன் பெயரில் தொப்பைத் தோழன் ஊர் முழுக்கச் செய்தி அனுப்பிவிட்டது. அவருக்குப் போனது இது: ‘மாமா, உங்கள் தொப்பையை நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை. ஏழே நாளில் கரைக்க மாத்திரை இருக்கிறது.’

“என் தொப்பை உன் வீட்டுச் சோத்துலயாடா வளந்துச்சு? போட்டிக்கு வா, வச்சுக்கிறேன்!” என்று போனை வைத்துவிட்டார். சடையாண்டி அழுதேவிட்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

“அத்தனை ஆட்-ஆனையும் இப்பவே வெளியேத்துங்கடா!” என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்புகிற ஊரா எங்களுடையது? இலை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் சாதமும் ரசமும் வைத்தோம். வெகுநேரம் பார்த்தோம். எறும்புதான் சாப்பிட்டது. அவர்கள் சாப்பிடவில்லை. சாப்பிடாதவர்களை எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை.

மாட்டுப்பொங்கல் வந்தது. அழகுமலை முன்வரிசையில், தொப்பையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக் பிடித்தவர் பதிவைப் படித்துவிட்டு ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்துக் களம் காண்பது... ஏழே நாளில் தொப்பை கரையும் கபடிக் குழு!” எங்கள் பெயரைத் தோழன் மாற்றிவிட்டிருந்தான். கரையாத தொப்பைகளோடு நாங்கள் இறங்கினோம். சனம் சிரித்த சிரிப்பில் பந்தல்கால் ஆடியது.

எதிரணிக்காரர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியும். கபடி பாடி வர வேண்டியவன் கோட்டில் நின்று கைகூப்பி, “வரலாமாண்ணே?” என்றான்.

“வாங்க, வாங்க” என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். அவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எங்கள் ஒவ்வொருவர் தோளையும் தட்டிவிட்டுப் போனான். பாசக்காரப் பிள்ளை என்று மொக்கையன் மெச்சினார். நாங்கள் மொத்தமாக அவுட்.

மறுபடி எல்லோரும் இறங்கியதும் எங்கள் முறை. சடையாண்டி போய்க் கோட்டில் நின்றான்.

“வரலாமாண்ணே?”

“வராத!” என்றார்கள்.

சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

அழகுமலை துள்ளி எழுந்தார். தொலைந்தது சம்பந்தம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் கூட்டத்தைப் பார்த்துக் கூவினார்: “மூத்த மருமகன் ரெண்டு பேரும் வராதன்னாலும் வந்து உக்காந்துக்கிறாய்ங்க. வராதன்னு சொன்னா திரும்பிப் போற மாப்பிள்ளை இந்தச் சீமையில கெடைப்பானாய்யா? இவன்தான் என் கடைசி மருமகன்!”

இன்றுதான் முகூர்த்தம். மண்டப வாசலில் நின்று சடையாண்டி, “வரலாமா மாமா?” என்று கேட்டான். மாமா பந்தியில் தொப்பையை வளர்த்துக்கொண்டிருக்கிறார், காதில் விழவில்லை. உள்ளே கெட்டிமேளம் தயாராக இருக்கிறது. மாப்பிள்ளைத் தோழன் என்ற முறையில் நானும் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது “வாங்க” என்று சொன்னதும் போய்விடுவோம்.