மூன்றாவது விசில்

தென்காசியில் ஒரு தையல் கடையின் மாடியில் நாச்சியார் டீச்சர் யோகா வகுப்பு நடத்திவந்தாள். அவளுக்கு வயது முப்பத்துநான்கு. அவளிடம் வந்தவர்களில் மூத்தவள் பங்கஜவல்லி, ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. குருவைவிடச் சிஷ்யைக்கு இருபத்திரண்டு வயது கூடுதல் என்பதில் இருவருக்குமே கூச்சம் ஒன்றும் இல்லை.

பங்கஜவல்லி ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. ஆவணி மாதத்தில் ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், கண் இருட்டி அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். பிரஷர் எகிறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "தினமும் யோகா பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

இதே பிரஷர்தான் அவளுடைய அக்காவை ஒரு பக்கமாக இழுத்து, நாலு வருஷம் படுக்கையில் போட்டிருந்தது. அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியது பங்கஜவல்லிதான். அதனால் பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஒரு மாதம் போனதும் டீச்சர் சொன்னாள். "இனிமே சனிக்கிழமை மட்டும் இங்க வந்தாப் போதும். மத்த நாள் வீட்லயே பண்ணுங்கம்மா."

வீட்டில் நின்று செய்கிற ஆசனமெல்லாம் நன்றாகவே வந்தது. குனிந்து கால்விரலைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் சங்கரபாண்டியன், "பங்கஜம், என் கண்ணாடி எங்க?" என்பார். தலைகீழாக இருந்தபடியே, "டிவி பக்கத்துல" என்பாள். மூச்சுகூட மாறாது.

வம்பெல்லாம் கடைசியில் வருகிற சவாசனத்தில்தான். மல்லாந்து படுத்து, கை கால்களைத் தளரவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவுதான். அதுதான் அவளால் முடியவில்லை.

நாலு சனிக்கிழமை டீச்சர் கேட்டபோதெல்லாம் எதையோ சொல்லிச் சமாளித்தவள், ஐந்தாவது வாரம் எல்லோரும் போன பிறகு கேட்டேவிட்டாள்.

"டீச்சர், மனசை எப்படி அடக்குறது?"

"ஏன், அது எங்க போகுது?"

"அடுப்படிக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. "அங்க என்ன?"

"குக்கர் வச்சிருப்பேன். மூணு விசில் வந்தா அணைக்கணும். படுத்துக்கிட்டே எண்ணுவேன். ரெண்டு வந்ததும் எந்திச்சிருவேன்."

"குக்கரைப் பிறகு வைக்கலாமே?"

"வச்சா ஆவுடைக்கு ஆபீஸ் நேரமாயிரும்." ஆவுடை என்கிற ஆவுடையப்பன் அவளுடைய ஒரே மகன். "அதுக்கு முன்னால பண்ணலாம்னா, அஞ்சு மணிக்குக் குழாய்ல தண்ணி வரும்."

"சரி, குக்கர் இல்லாத அன்னைக்கு?"

பங்கஜவல்லி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். சொல்வதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் படுத்தா எங்க வீட்டுக்காரவுக பயந்துருதாக டீச்சர். மொத நாள் தோளைப் புடிச்சு உலுக்கிட்டாக. அதோட விட்டாகளா? மூஞ்சியில ஒரு சொம்புத் தண்ணி. பாயைக் கொண்டுபோய் மாடியில காயப்போட்டேன்."

டீச்சரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பங்கஜவல்லியும் சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இருபத்தொம்பது வருஷத்துல நான் பகல்ல படுத்து அவுக பாத்ததில்ல டீச்சர். பிள்ளை பெத்தப்போ படுத்தேன். அப்பறம் ஆவணியில விழுந்தேன். அதான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூணே வாரம் இருக்கு. மாத்திரையைக் கூட்டினாக் கூட்டட்டும், அதுக்குப் பயமில்ல. அக்கா மாதிரி நானும் கெடந்துட்டா இந்த ரெண்டு பேரும் என்ன செய்வாக? வென்னி வைக்கக்கூடத் தெரியாது."

டீச்சர் தரையில் கிடந்த பாயைச் சுருட்டி வைத்தாள்.

"திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு வீட்டுக்கு வரேன்" என்றாள். "எப்பவும்போல குக்கரை வச்சிருங்க."

திங்கட்கிழமை டீச்சர் வந்தபோது சங்கரபாண்டியன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனுஷர். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் எந்தத் தெரு இருட்டாகும் என்று அவருக்கு அத்துப்படி. அடுப்பில் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் தெரியாது.

ஆவுடை குளித்துக்கொண்டிருந்தான். டீச்சர் நாற்காலியில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்து, பங்கஜவல்லி ஆசனங்கள் செய்வதைப் பார்த்தாள். கடைசியில் பங்கஜவல்லி பாயில் மல்லாந்தாள். டீச்சரும் அவள் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் இரண்டு பெண்கள் கிடப்பதைப் பார்த்து சங்கரபாண்டியனுக்குக் கை கால் ஓடவில்லை.

"டீச்சர், அவளுக்கு மேலுக்குச் சொகந்தான?"

"நல்லா இருக்காங்க. நீங்க பேப்பர் படிங்க."

முதல் விசில் வந்தது. பங்கஜவல்லியின் கால் கட்டைவிரல் துடித்தது.

"விரலைத் தளர விடுங்கம்மா."

இரண்டாவது விசில்.

"பங்கஜம், ரெண்டு வந்துட்டு" என்றார் சங்கரபாண்டியன்.

பங்கஜவல்லியின் தலை தானாக மேலே வந்தது.

"தலையைக் கீழ வைங்க."

"மூணாவது வந்துருமே டீச்சர்."

"வரட்டும்."

"பருப்பு குழைஞ்சிரும்."

"குழையட்டும்."

மூன்றாவதும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நாலாவது விசில் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கேட்டது. பங்கஜவல்லிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பிரஷர் குறைவதற்குப் பதிலாக ஏறித் தொலையுமோ என்று நினைத்தாள்.

"டீச்சர், இது மூணுல அணைக்கணும்!" சங்கரபாண்டியன் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று தவித்தார்.

"அப்படியா?" என்றாள் டீச்சர். கண்ணைத் திறக்கவில்லை.

ஐந்தாவது விசில் வந்ததும் அவர் உள்ளே ஓடினார். குமிழ் இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, ஒருவழியாக அடுப்பு அணைந்தது. வீடு அமைதியானது.

பங்கஜவல்லி பெருமூச்சு விட்டாள். அவளுடைய முதுகு முழுவதுமாகத் தரையில் பதிந்தது. இந்த வீட்டுத் தரை இவ்வளவு குளிர்ச்சி என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

ஆனால் உள்ளே போன மனுஷர் வெளியே வரவில்லை. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். பால் பாத்திரம் மேடையில் உட்கார்ந்தது.

"ஏ ஆவுடை, காப்பிப் பொடி எதுலடா இருக்கு?"

குளியலறையிலிருந்து பதில் வந்தது. "எனக்கு எப்படித் தெரியும்? அம்மாட்ட கேளுங்கப்பா."

"அம்மா படுத்திருக்காடா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

பங்கஜவல்லியின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வருத்தமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவர்மேல் அன்பு பொங்கியது என்று மட்டும் சொல்லலாம்.

டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடுகு கீழே கொட்டுவது சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு மூடி உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

பங்கஜவல்லி மெல்லிய குரலில் கெஞ்சினாள்.

"பாவம் டீச்சர், அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு எட்டுப் போய் எடுத்துக் குடுத்துட்டு வந்துருதேன்."

டீச்சர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாமப் படுங்கம்மா. அவங்க பயிற்சி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. கலைச்சிராதீங்க."