விண்டுபோன துண்டு

“கீறலா? மயிரிழைகூட இல்லீங்க டீச்சர். ராத்திரி பூரா உலைக்குள்ளயே மூடி வச்சு, மெதுவா ஆறவிட்டேன். தொட்டில்ல போட்ட மாதிரி.”

தண்டபாணி கம்பியை நீட்டினாரு. விரல் நீளம், விரல் கனம்.

அவருக்கு அம்பது தாண்டிருச்சு. பகல்ல உலைப் பட்டறை, சாயங்காலம் ஜெசிந்தா டீச்சரோட உலோக வகுப்பு. டீச்சருக்கு அவரோட மூத்த பொண்ணு வயசு. அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசினதில்ல.

இந்தக் கம்பி இன்னைக்கே பழைய ஆத்துப் பாலத்துக்கு அடியில போகணும். மேல பாரம் கூடினா உணர்ந்து சொல்லணும். அதுக்குன்னே இரும்போட கேலியம்னு ஒரு உலோகத்தைக் கலந்து வார்த்தது. போன கம்பி சூட்டோட தண்ணியில முக்கினதும் ரெண்டா விண்டுபோச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்.

டீச்சர் அதைச் செம்புச் சுருளுக்குள்ள நிறுத்தினாங்க. பக்கத்துல ஒரு முள்ளு மீட்டர். கம்பி பாரத்தை உணர்ந்தா முள் ஏறணும்.

“அமுக்குங்க.”

அமுக்கினாரு. முள் அசையல.

“இன்னும்.”

உடம்பு பாரம் பூரா போட்டாரு. முள் லேசா சோம்பல் முறிச்சிட்டுப் படுத்துக்கிச்சு.

“மீட்டர் ரிப்பேருங்களா?”

டீச்சர் கம்பியை வெளிய எடுத்துட்டு, மேஜைக்குள்ளேர்ந்து போன தடவை விண்டுபோன துண்டு ஒண்ணைச் சுருளுக்குள்ள வச்சாங்க.

“இப்ப.”

கட்டைவிரலை வச்சாரு. அழுத்தமாக்கூட இல்ல. முள் ஏறிச்சு. எடுத்தாரு, இறங்கிச்சு. மறுபடி வச்சாரு. அப்புறம் எடுக்க மனசு வரல.

“இரும்புங்க இது.” யாரோ தூங்குற வீட்டுல பேசுற மாதிரி சொன்னாரு.

“இரும்புதான்.”

“என் விரல் பட்டது அதுக்குத் தெரியுதுங்களே.”

“தெரியுது.”

வெளிய எடுத்து வச்ச முழுக் கம்பியைத் திரும்பிப் பாத்தாரு.

“ரெண்டும் ஒரே வார்ப்புதானுங்க. முழுசுக்கு மட்டும் ஏன் உறைக்கல?”

“சூட்டுல உள்ளாற அணுவெல்லாம் கலைஞ்சு கெடக்கும். சட்டுனு தண்ணியில விட்டா அப்படியே நின்னுடும். நீங்க ராத்திரி பூரா நேரம் குடுத்தீங்க. ஆளுக்கொரு இடம் புடிச்சு, வரிசையா உக்காந்துடுச்சு.”

“வரிசைன்னா நல்லதுதானுங்களே.”

“உக்காந்தது இனி அசையாது.”

“எங்க சங்கத்துக் கமிட்டி மாதிரிங்க.”

“கிட்டத்தட்ட.”

டீச்சர் முழுக் கம்பியை உலைக்காரன் சாதிக் கையில குடுத்தாங்க. பக்கத்து உலை சூடாவே இருந்துச்சு.

“திரும்பச் சூடேத்துப்பா. தண்ணியில அண்ணன் விடுவாரு.”

“நானுங்களா?”

டீச்சர் இடுக்கியை அவரு பக்கம் நகர்த்தி வச்சாங்க. சாதிக் உலைக்கதவைச் சாத்தினான். துண்டு மேல வச்ச விரலைத் தண்டபாணி இன்னும் எடுக்கல.

“துண்டு பாலத்துக்கு நீளம் பத்தாதுங்க. வேற கம்பியும் இல்ல. என் பேத்தியோட பஸ் அந்தப் பாலத்து மேலதாங்க போகுது. இதுவும் உடைஞ்சுட்டா?”

டீச்சர் அவரு விரலைப் பாத்தாங்க. முள்ளையும் பாத்தாங்க.

“உடைஞ்சதுதாண்ணே இவ்வளவு நேரமா உங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கு.”

“அண்ணே, சூடு புடிச்சிருச்சு. வாங்க.” சாதிக் கூப்பிட்டான்.

தண்டபாணி விரலை எடுத்தாரு. முள் இறங்குற வரைக்கும் நின்னு பாத்தாரு. இடுக்கியைத் தூக்கிக்கிட்டுப் போனாரு.