எத்தனை துகள் மூழ்கலாம்

சத்தியம், சத்தியம், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு இந்த நிமிஷமே அழுகி விழட்டும்! கழுகுகூடப் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு மருந்து மடம் இருந்தது. குரு பெயர் தீர்த்தகிரி. சீடன் வெள்ளியப்பன் குருவைவிட மூத்தவன். தலை நரைத்தபிறகு வந்து சேர்ந்தவன்.

உலோகத்தைச் சுட்டுப் பொடித்த பற்பத்தைச் சோதிப்பது அவன் வேலை. ஓடையில் ஒரு சிட்டிகை தூவுவான். நன்றாக வெந்தது மிதக்கும். வேகாதது மூழ்கும், அது விஷம். ஆனால் நல்லதிலும் சில துகள் மூழ்கும், கெட்டதும் சிலநேரம் மிதந்து காட்டும். தூவியதைத் திரும்ப அள்ள முடியாது, ஓடை கொண்டுபோய்விடும். அந்த ஓடை மீன்களுக்குச் சாவே கிடையாது.

முதலில், ஒரு துகள் மூழ்கினாலே ஜாடியைக் கவிழ்த்தான். நல்ல மருந்தும் போனது. காய்ச்சல் கண்ட ஒரு தச்சன் மருந்தில்லாமல் செத்தான். பயந்துபோய், ஐந்து வரை மூழ்கலாம் என்று விட்டான். தச்சனின் தம்பி மருந்து குடித்துச் செத்தான்.

இப்போது அவர்களுடைய அம்மா, கடைசி மகனுக்கு மருந்து கேட்டு மடத்து வாசலில் நிற்கிறாள். மிச்சம் ஒரே ஜாடி. வெள்ளியப்பன் தூவினான். மூன்று மூழ்கின.

"எத்தனை மூழ்கலாம்னு கோடு எங்கே போடறது சாமி?"

"எங்கே வேணும்னாலும் போடும் பெரியவரே. இப்படி இழுத்தா அண்ணன் சாவான். அப்படி இழுத்தா தம்பி."

"ரெண்டு பேரும் பிழைக்கிற மாதிரி?"

"சிட்டிகைக்கு என்ன தெரியும்? கை நிறைய எடும்."

எடுத்துத் தூவினான். "நல்லதாத்தான் தெரியுது சாமி."

"அப்போ மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடும்."

"தப்பா இருந்துட்டா?"

"இருந்தா இருக்கும்."

"உமக்கென்ன சாமி, சுலபமாச் சொல்றீர். அவளுக்கு இது மூணாவது பிள்ளை. இன்னும் ஒரு கை பார்த்துடறேன்."

"போதும் பெரியவரே."

அவன் கேட்கவில்லை. ஒரு கை, இன்னொரு கை. ஒவ்வொரு கைக்கும் சந்தேகம் கரைந்தது.

"சாமி! சந்தேகமே இல்லை! இதைவிட நல்ல மருந்து இந்த மடத்துல வெந்ததே இல்லை!"

கத்திக்கொண்டே ஜாடிக்குள் கைவிட்டான். வெறும் அடியை நகம் கீறியது.

வாசலில் அந்த அம்மா இருமுவது கேட்டது.

"போய் அவகிட்டே சொல்லும்," என்றார் குரு, "நல்ல மருந்துன்னு."

இந்தக் கதையைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கிறது.